மெத்தாக்ஸி கொடுக்கிறதா, பிடுங்குகிறதா?

கேள்வி: ஜூன் 3, மாலை 6.10

பாடநூலில் ஓர் அட்டவணை ஹைட்ராக்சில், மெத்தாக்ஸி, அமினோ ஆகிய மூன்றையும் எலக்ட்ரான் விடுவிக்கும் தொகுதிகள் என்கிறது. நாற்பது பக்கம் தள்ளி, தூண்டல் விளைவு பற்றிய பாடத்தில், அதே மூன்றும் எலக்ட்ரான் கவர் தொகுதிகளின் வரிசையில் இருக்கின்றன. அச்சுப்பிழை என்று நினைத்து வேறொரு நூலைப் புரட்டினேன். அதிலும் இப்படித்தான். எதை நம்புவது? அம்மோனியா, ஹைட்ராக்சைடு, சயனைடு இவற்றையும் எலக்ட்ரான் வழங்குபவை என்கிறார்கள். இவையும் அந்தத் தொகுதிகளும் ஒன்றா? எதை மனப்பாடம் செய்வது என்றே தெரியவில்லை.

ஜூன் 3, இரவு 9.40

அச்சுப்பிழை இல்லை. இரண்டு அட்டவணைகளும் சரி. மெத்தாக்ஸி கொடுக்குமா பிடுங்குமா என்று மொட்டையாகக் கேட்டால் அதற்கு விடையே கிடையாது. எங்கே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, எதிரே எலக்ட்ரான் கேட்டு நிற்பது எது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஐந்து எண்களை எழுதுகிறேன். எல்லாம் பி.கே.ஏ. மதிப்புகள், எண் குறைந்தால் அமிலம் வலியது. அசெட்டிக் அமிலம் 4.76. அதன் மீத்தைலில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக மெத்தாக்ஸியை வைத்தால் 3.57. அதாவது ஏறத்தாழ பதினைந்து மடங்கு வலிய அமிலம். இங்கே மெத்தாக்ஸி வெறும் பிடுங்கிதான். இப்போது பென்சாயிக் அமிலத்துக்கு வாருங்கள்: 4.20. மெட்டா இடத்தில் (வளையத்தில் அமிலத் தொகுதி ஒட்டிய கார்பனுக்கு ஒன்று விட்டு அடுத்தது) மெத்தாக்ஸியை வைத்தால் 4.09; சற்றே வலிய அமிலம், இன்னும் பிடுங்குகிறது. அதே மெத்தாக்ஸியை ஒரே ஒரு கார்பன் நகர்த்திப் பாராவில், அதாவது நேரெதிரே, வைத்தால் 4.47, அமிலம் நலிந்துவிட்டது, கொடுக்கத் தொடங்கிவிட்டது.

மெத்தாக்ஸி தன் ஆக்சிஜன் வழியாகத்தான் ஒட்டுகிறது. அந்த ஆக்சிஜன் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்கிறது. எலக்ட்ரான் கவர்தன்மை மிகுந்த அணு என்பதால் சிக்மா பிணைப்புகளின் வழியே இழுக்கிறது. இந்த இழுப்பு தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். அதே ஆக்சிஜன் தன்னுடைய தனித்த எலக்ட்ரான் இரட்டையைப் பை பிணைப்புகளின் வழியே வளையத்துக்குள் தள்ளுகிறது. அது ஆர்த்தோ (பக்கத்து), பாரா கார்பன்களில்தான் போய்ச் சேரும், மெட்டாவில் இறங்காது. ஆகவே மெட்டாவில் நின்றால் நமக்குத் தெரிவது இழுப்பு மட்டும். பாராவில் நின்றால் தள்ளுதல் இழுப்பை வென்றுவிடுகிறது. மெத்தாக்ஸி ஏறிய அசெட்டிக் அமிலத்தில் பை பிணைப்பின் வழியே தள்ள இடமே இல்லை. நடுவில் நிற்கும் கார்பன் நிறைவுற்றது, ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்டது.

அம்மோனியா பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 7.15

குழப்பத்தில் பாதி நம்முடைய சொற்களிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘எலக்ட்ரான் கவர் தொகுதி’ என்றால் மூலக்கூறில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான் அடர்த்தியைத் தன் பக்கம் இழுப்பது. நைட்ரோ, சயனோ போல. ‘எலக்ட்ரான் கவர் காரணி’ என்றால் வெளியிலிருந்து வந்து ஓர் எலக்ட்ரான் இரட்டையை வாங்கிப் புதுப் பிணைப்பு உண்டாக்குவது. நைட்ரோனியம் அயனி போல. கடைசிச் சொல் மட்டுமே வேறு. படிப்பவர் கண் வழுக்கிவிடும்.

மறுபக்கம் இன்னும் சிக்கல். கொடுக்கும் தொகுதிக்கு ‘எலக்ட்ரான் விடுவிக்கும் தொகுதி’ என்று நல்ல பெயர் இருக்கிறது. கொடுக்கும் காரணிக்கோ ‘கருக்கவர் காரணி’ என்று பெயர். கொடுக்கிற ஒன்றின் பெயரில் ‘கவர்’ உட்கார்ந்திருக்கிறது! நேர்மின் தன்மையுள்ள இடத்தை நாடிப் போகிறது என்பதே அந்தப் பெயரின் கருத்து. கிறிஸ்டோபர் இங்கோல்ட் 1933இல் இந்தச் சோடிப் பெயர்களை முன்வைத்தபோது எடுத்துக்கொண்டது ‘அன்பு’ என்று பொருள்படும் கிரேக்க வேர். தமிழில் ‘கருநாட்டக் காரணி’ என்று வைத்திருந்தால் எத்தனையோ மாணவர்கள் தப்பித்திருப்பார்கள். ஆனால் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்ற முடியாது; நானும் கருக்கவர் காரணி என்றே எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. மெத்தாக்ஸி இருந்த இடத்திலிருந்தபடியே தன் எலக்ட்ரான் அடர்த்தியைப் பகிர்ந்துகொள்கிறது. அதற்காகப் புது அணு எதுவும் வந்து ஒட்டுவதில்லை. அம்மோனியா, ஹைட்ராக்சைடு, சயனைடு ஆகியவை தம் இரட்டையை வேறொரு மூலக்கூறின் அணுவுக்குக் கொடுத்துப் புதுப் பிணைப்பை உண்டாக்குகின்றன. 1923இல் லூயிஸ் காரத்துக்குக் கொடுத்த விளக்கமும் இதுதான்: இரட்டையை வழங்குவது காரம், ஏற்பது அமிலம். எவ்வளவு வலிய காரமோ அவ்வளவு வலிய கருக்கவர் காரணி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 4, மாலை 5.30

காலையில் ஒன்றை விட்டுவிட்டேன். வளைந்த அம்பு போடும்போது அதன் வால் எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும்: தனித்த இரட்டையில் அல்லது பிணைப்பில். நேர்மின் குறியிலிருந்து அம்பைத் தொடங்குகிறவர்கள் ஏராளம். அங்கே கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

ஜூன் 6, இரவு 10.20

ஒரே எலக்ட்ரான் இரட்டைக்கு இரண்டு பேர் போட்டியிட்டால் என்ன ஆகும்? இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஒரு குடுவையில் கற்றேன்.

இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டு. ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் வினையை (அலுமினியம் குளோரைடின் துணையோடு பென்சீன் வளையத்தில் கார்பன் தொகுதியை ஏற்றுவது) அப்போதுதான் நடத்தி முடித்திருந்தார்கள். கிளர்வுறுத்தும் தொகுதி இருந்தால் வளையம் எளிதில் வினைபுரியும்; அமினோ மிகவும் வலிய கிளர்வுறுத்தும் தொகுதி; ஆகவே பென்சீன் வளையத்தில் அமினோ ஒட்டிய அனிலீன்தான் இந்த வினைக்கு மிகப் பொருத்தமானது. கணக்கு கச்சிதமாக இருந்தது. நானும் தோழி ஒருத்தியும் ஆசிரியரிடம் அனுமதி வாங்கினோம். குடுவையை அடுப்பில் உலர்த்தினோம். அலுமினியம் குளோரைடைக் காற்றின் ஈரம் படாமல் எடை போட்டோம். கரைப்பானில் அது கலங்கிச் சுழன்றுகொண்டிருக்க, அனிலீனைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். குடுவை சூடேறியது. வினை நடக்கிறது என்று மகிழ்ந்துபோனோம். பத்தாவது சொட்டோ பன்னிரண்டாவதோ, அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் போல் ஒன்று திரண்டு கலக்கியைக் கவ்விக்கொண்டது. கலக்கி நின்றுவிட்டது. அசெட்டைல் குளோரைடு இருந்த புட்டியை நாங்கள் இன்னும் திறக்கவே இல்லை.

அன்று மாலை குடுவையைக் கழுவும்போதுதான் உறைத்தது. அலுமினியம் குளோரைடில் அலுமினியத்தைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. அது பசித்து நிற்கிறது. நைட்ரஜனின் இரட்டை வளையத்துக்குள் போகலாம், அலுமினியத்துக்கும் போகலாம். அது அலுமினியத்தைத் தேர்ந்துகொண்டது. கொடுத்த பின் நைட்ரஜன் மேல் நேர்மின்சுமை ஏறுகிறது. கொடுக்க இரட்டையும் இல்லை. அந்தக் கணமே அது வளையத்திலிருந்து இழுக்கும் தொகுதியாகிவிட்டது. கொடை வள்ளல் என்று நம்பிக் கூட்டிப் போன தொகுதி, வாசலிலேயே கையில் இருந்ததை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வளையத்துக்கு வெறுங்கையோடு நின்றது.

அமிலத்தில் நடப்பதும் இதுவே. அனிலீனை நைட்ரிக், சல்பியூரிக் அமிலக் கலவையில் நைட்ரோ ஏற்றினால் பாரா 51, மெட்டா 47, ஆர்த்தோ 2 விழுக்காடு என்று பாடநூல்கள் தருகின்றன. ஆர்த்தோ, பாரா ஆற்றுப்படுத்தும் தொகுதிக்கு மெட்டாவில் 47 எப்படி வந்தது? அமிலம் அனிலீனின் நைட்ரஜனில் புரோட்டானை ஏற்றி அதை அனிலினியம் அயனியாக மாற்றிவிட்டது. அதே அனிலீனைத் தண்ணீரில் கரைத்து, அமிலம் சேர்க்காமல் புரோமின் நீரை விட்டுப் பாருங்கள். வினையூக்கி வேண்டாம், சூடு வேண்டாம். புரோமினின் நிறம் விழுந்த இடத்திலேயே மறைந்து, வெள்ளை வீழ்படிவு பொத்தென்று இறங்கும். இரண்டு ஆர்த்தோ, ஒரு பாரா, மூன்று இடமும் நிரம்பிவிட்டன.

அந்த இரட்டையின் எவ்வளவு பங்கு வளையத்தில் முடங்கியிருக்கிறது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஓர் அமீன் புரோட்டானை ஏற்ற வடிவமே அதன் இணை அமிலம்; அதன் பி.கே.ஏ. கூடினால் அமீன் வலிய காரம். பை பிணைப்பு இல்லாத வளையம் கொண்ட சைக்ளோஹெக்சைலமீனின் இணை அமிலத்துக்கு பி.கே.ஏ. 10.6; அனிலீனின் இணை அமிலத்துக்கு 4.6. ஆறு அலகு என்றால் பத்து லட்சம் மடங்கு.

இதற்கு மருந்து தொகுதியை அடக்கி வைப்பது. அனிலீனை அசெட்டனிலைடாக மாற்றினால் நைட்ரஜனின் இரட்டையில் ஒரு பங்கை அதில் புதிதாக ஒட்டிய கார்பனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புள்ள கார்பன்) எடுத்துக்கொள்கிறது. மிச்சம் வளையத்துக்குப் போதும். அசெட்டிக் அமிலத்தில் புரோமின் விட்டால் ஒன்றே ஒன்று, பெரும்பாலும் பாராவில், ஏறுகிறது. அமிலத்தின் புரோட்டான் அமைடு நைட்ரஜனில் மிக மெலிதாகத்தான் ஒட்டும்.

ஜூன் 7, காலை 6.50

நேற்று எழுதியதன் கடைசி வாக்கியம் தவறு. தூங்கப் போகும் அவசரத்தில் எழுதிவிட்டேன். அமைடில் புரோட்டான் ஒட்டுவது ஆக்சிஜனில், நைட்ரஜனில் அல்ல. நைட்ரஜனில் ஒட்டினால் அதன் இரட்டை சிறைப்பட்டு, கார்பனைலோடு இருந்த உடனிசைவு (அந்த இரட்டையைப் பகிர்ந்துகொள்ளுதல்) அறுந்துபோகும். ஆக்சிஜனில் ஒட்டினால் உடனிசைவு வலுக்கிறது. நைட்ரஜன் ‘கொடுக்கிறது’, வாங்கிக்கொள்ளும் முனை ஆக்சிஜன். கொடுப்பது ஓர் அணு, அதன் பயன் தெரிவது இன்னோர் அணுவில். இந்தத் தலைப்புக்கே இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அமையாது. அதைப் போய்த் தவறாக எழுதினேனே என்று வருத்தமாக இருக்கிறது.

ஜூன் 9, பிற்பகல் 3.00

‘எவ்வளவு வலிய காரமோ அவ்வளவு வலிய கருக்கவர் காரணி’ என்று 4ஆம் தேதி எழுதியதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அடித்துவிடுங்கள். தாக்கும் அணு ஒன்றாக இருக்கும்போது, தாராளமாக இடமும் இருக்கும்போது, அது பெரும்பாலும் உண்மை: ஹைட்ராக்சைடு தண்ணீரைவிட வலிய காரம், வலிய கருக்கவர் காரணியும் கூட. அந்த எல்லையைத் தாண்டினால் விதி உடைகிறது.

காரத்தன்மை என்பது சமநிலை பற்றிய பேச்சு: புரோட்டான் எந்தப் பக்கம் தங்கும்? கருக்கவர் திறன் என்பது வேகம் பற்றிய பேச்சு: பெரும்பாலும் ஒரு கார்பனை எவ்வளவு விரைவில் தாக்கும்? மூவிணைய பியூட்டாக்சைடு வலிய காரம்தான். ஆனால் மூன்று மீத்தைல்கள் ஆக்சிஜனைச் சூழ்ந்திருப்பதால் கார்பனை நெருங்க முடியாது. வெளிப்புறத்தில் இருக்கும் ஒரு புரோட்டானைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

ஹாலைடுகளைப் பாருங்கள். மெத்தனாலில் அயோடைடு முன்னே, பிறகு புரோமைடு, குளோரைடு, ஃபுளுரைடு கடைசி. டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரைப்பானில் வரிசை தலைகீழாகிறது. காரணிகளும் மாறவில்லை, எதிரே உள்ள கார்பனும் மாறவில்லை. மாறியது கரைப்பான் மட்டும். மெத்தனால் தன் ஹைட்ரஜன்களால் சின்ன ஃபுளுரைடை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதன் இரட்டைகள் அங்கேயே கட்டுப்பட்டுவிடுகின்றன. பருத்த அயோடைடை அப்படிப் பிடிக்க முடிவதில்லை.

ஜூன் 9, இரவு 8.15

மீத்தைல் எலக்ட்ரான் கொடுக்கும் என்றால் டிரைமெத்திலமீன்தானே மூன்றிலும் வலிய காரமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாயு நிலையில் அப்படித்தான்: அம்மோனியாவில் தொடங்கி ஒவ்வொரு மீத்தைலுக்கும் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீரில், அம்மோனியாவில் தொடங்கி மூன்று மீத்தைல் வரை, இணை அமிலங்களின் பி.கே.ஏ. வரிசை 9.25, 10.66, 10.73, 9.80. மூன்றாவது மீத்தைல் ஏறியதும் சரிகிறது. நேர்மின் அயனியைத் தண்ணீர் தாங்கிப் பிடிக்க நைட்ரஜன் மேல் ஹைட்ரஜன்கள் வேண்டும். மீத்தைல் கூடக் கூட அவை குறைகின்றன.

ஜூன் 10

ஹாலஜன்கள் பற்றி ஒரே வரி. குளோரோபென்சீன் மந்தமானது, ஆனாலும் ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே அனுப்புகிறது. இழுப்பு மொத்த வேகத்தைக் குறைக்கிறது. இரட்டையின் தள்ளுதல் இடத்தைத் தீர்மானிக்கிறது. விதிவிலக்கு என்று கட்டம் கட்டிப் போடுகிறார்கள். எனக்கு அது விதியின் மிகத் தெளிவான முகமாகத் தெரிகிறது.

ஜூன் 13, இரவு 9.00

‘எல்லாமே இடத்தைப் பொறுத்தது என்றால் எதைத்தான் மனப்பாடம் செய்ய?’ நியாயமான கேள்வி. கோபமும் நியாயமானதே.

1937இல் லூயிஸ் ஹாமெட் இதற்கு ஒரு வழி செய்தார். பென்சாயிக் அமிலம் தண்ணீரில் 25 பாகையில் அயனியாவதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் மெட்டாவுக்கு ஓர் எண், பாராவுக்கு ஓர் எண் கொடுத்தார். சிக்மா என்று அதற்குப் பெயர். இழுத்தால் கூட்டல், கொடுத்தால் கழித்தல். நைட்ரோ இரண்டு இடத்திலும் இழுக்கிறது: மெட்டாவில் 0.71, பாராவில் 0.78. மெத்தாக்ஸிக்கு மெட்டாவில் கூட்டல் 0.12, பாராவில் கழித்தல் 0.27. முதல் நாள் நான் தந்த 4.20, 4.47 இரண்டையும் கழித்துப் பாருங்கள், அந்த 0.27 வந்து நிற்கும். ஒரே தொகுதிக்கு இரண்டு எண்கள், அதுவும் எதிரெதிர்க் குறியோடு. உங்களைக் குழப்பிய இரண்டு அட்டவணைகளும் இந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

அதோடு முடியவில்லை. வினையின்போது வளையத்தை ஒட்டியே ஒரு கார்பன் நேரயனி உருவாகுமானால் பாரா மெத்தாக்ஸி கழித்தல் 0.27 அளவில் நிற்பதில்லை. இன்னும் அள்ளிக் கொடுக்கிறது. பிரவுனும் ஒகமோட்டோவும் 1958இல் அத்தகைய வினைகளுக்குத் தனி எண் வரிசை தந்தார்கள். அதில் பாரா மெத்தாக்ஸிக்குக் கழித்தல் 0.78. எதிரே தேவை எவ்வளவோ அவ்வளவு கொடுக்கிறது. இந்த எண்ணை முதன்முதலில் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதுவரை ஒரு தொகுதியின் கொடைக்கு நிலையான அளவு ஒன்று உண்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்றால் மூன்று கேள்விகளைச் செய்யுங்கள்: அணுவிடம் தனித்த இரட்டை இருக்கிறதா? அது பை பிணைப்பின் வழியே போய்ச் சேர வேண்டிய கார்பனை எட்டுமா? வழியில் வேறு யாராவது அதைப் பறித்துக்கொள்வார்களா?

ஜூன் 16, இரவு 7.45

இதுவரை எழுதிய எல்லாவற்றையும் ஒரே முகவையில் காட்டும் ஒரு பொருள் உண்டு: கிரிஸ்டல் வயலட். நடுவில் ஒரு கார்பன், அதில் மூன்று பென்சீன் வளையங்கள், ஒவ்வொரு வளையத்தின் பாராவிலும் ஒரு டைமெத்திலமினோ. நடுக் கார்பன் உண்மையில் நேரயனி. சாதாரணமாகக் கார்பன் நேரயனி தண்ணீரைக் கண்டதும் அழிந்துவிடும். இதுவோ தண்ணீரில் கரைந்து நாள்கணக்கில் ஊதாவாகவே நிற்கிறது, ஏனென்றால் மூன்று நைட்ரஜன்கள் மாறி மாறி அதற்கு எலக்ட்ரான் ஊட்டுகின்றன.

சென்ற வாரம் மாணவர்களோடு செய்தோம். கண்ணுக்கு இதமான வெளிர் ஊதா வரும் வரை நீர்த்த கரைசல், சோதனைக் குழாயில் இரண்டு விரல் உயரம். புகைக்கூண்டுக்குள், கையுறை அணிந்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். ஊதா நீலமாகச் சாய்ந்து, பிறகு பச்சையானது. ஒரு நைட்ரஜன் தன் இரட்டையைப் புரோட்டானுக்குக் கொடுத்துவிட்டது. ஊட்டுபவர்கள் இரண்டு பேர்தான். பக்கத்திலேயே மாலகைட் பச்சையின் கரைசலை வைத்திருந்தேன். அந்தச் சாயத்தில் பிறப்பிலேயே இரண்டு டைமெத்திலமினோக்கள்தான். இரண்டு குழாய்களையும் வெள்ளைத் தாளின் முன் பிடித்தபோது ஒரு மாணவி, ‘மூன்றாவது வளையத்தை அமிலம் ஊமையாக்கிவிட்டது’ என்றாள். அவள் சொன்னதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. இன்னும் அமிலம் விட்டதும் மஞ்சள். இப்போது ஊட்டுபவர் ஒருவர் மட்டுமே.

இன்னொரு குழாயில் அமிலத்துக்குப் பதில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு. நிறம் தாவவில்லை, சில நிமிடங்களில் ஊதா மெல்ல மெல்ல வெளுத்து நிறமற்றதானது. இங்கே வந்தது கருக்கவர் காரணி. ஹைட்ராக்சைடு தன் இரட்டையை நேரே நடுக் கார்பனுக்குக் கொடுத்துப் பிணைப்பு உண்டாக்கிவிட்டது. மூன்று வளையங்களும் ஒன்றோடொன்று பேச முடியாமல் தனித்தனியாகிவிட்டன.

எலக்ட்ரான் விடுவிக்கும் தொகுதியும் கருக்கவர் காரணியும் ஒன்றா என்று முதல் நாள் கேட்டீர்கள். இந்த மூலக்கூறின் நடுக் கார்பனுக்கு இரண்டு தரப்பும் எலக்ட்ரான் கொடுக்கின்றன. டைமெத்திலமினோக்கள் கொடுத்தால் நிறம் வாழ்கிறது. ஹைட்ராக்சைடு கொடுத்தால் நிறம் போய்விடுகிறது.

ஜூன் 17, காலை 7.00

மேலே ‘சாதாரணமாகக் கார்பன் நேரயனி தண்ணீரைக் கண்டதும் அழிந்துவிடும்’ என்றேன். டிரோபிலியம் போன்ற அரோமேட்டிக் நேரயனிகளும் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். அவற்றுக்கு அமினோ தொகுதியின் உதவி தேவையில்லை. அது வேறு கதை.

ஜூன் 21, மாலை 6.30

மஞ்சளாகிவிட்ட குழாயில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமிலக் கரைசலைத்தான் பெரிய முகவையில் உள்ள தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். நேற்று செய்து பார்த்தோம். முகவையில் விழுந்த இடத்தில் மஞ்சள் தெரிந்து மறைந்தது, சுற்றிலும் ஒரு பச்சை வளையம் விரிந்தது, கண்ணாடிக் கோலால் ஒரு சுற்றுச் சுற்றியதும் முகவை முழுவதும் மறுபடி ஊதா. புரோட்டான்கள் தண்ணீரோடு போய்விட்டன, மூன்று நைட்ரஜன்களுக்கும் அவற்றின் இரட்டைகள் திரும்பக் கிடைத்துவிட்டன.